மழை பெய்கிறது, அரசே

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று மாலை வகுப்பில் சார் கரும்பலகையில் ஒரு பொன்மொழி எழுதிப்போட்டார். அந்தக் காலத்து அரசன் ஒருவன் சொன்னதாம். சொன்ன சொல்லை மாற்றுகிறவனிடம் ஆள்வதற்கு ஒன்றும் மிஞ்சாது என்கிற மாதிரி. முதலில் அதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அப்புறம் ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்று சொல்ல வேண்டும். அப்புறம் பாடப் புத்தகத்தில் உள்ள சோக நாடகத்திலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். பரீட்சையில் கடைசிக் கேள்வி இந்த மாதிரிதான் வரும். இருபது மதிப்பெண்.

எனக்கு இது பிடித்துவிட்டது. என் டைல்ஸ் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது நான் செய்வதும் கிட்டத்தட்ட இதுதானே. பெட்டியைப் பிரித்து, ஒரு டைல்ஸ் கல்லை எடுத்து, விரலை மடக்கி நடுவில் தட்டுவேன். கணீரென்றால் நல்ல சரக்கு. சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே எங்கோ கீறல். பெட்டிமேல் எந்தக் கம்பெனி பெயர் அச்சடித்திருந்தால் என்ன? சொன்னவர் பெரிய மனிதர் என்பதும் பெட்டிமேல் உள்ள அச்சுதான்.

இதையும் தட்டிப் பார்த்தேன். கணீரென்றுதான் இருந்தது. என் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பன்னிரண்டு வருஷமாக ஒரு பலகை தொங்குகிறது — விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாது. அழுதாலும் எடுத்ததில்லை, சிரித்தாலும் எடுத்ததில்லை. அதனால்தான் கடை நிற்கிறது.

வகுப்பில் ஒன்பது பேர். ஐம்பத்தொரு வயதில் நான்தான் மூத்தவள். சாருக்கு முப்பது இருந்தால் அதிகம். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் 'படிப்பு' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்து இழுத்துக் கை சலித்துப்போய் இந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். அந்தக் கோட்டை ஒழிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இப்படி யோசிக்க வைப்பார்கள் என்று யார் கண்டது?

பிப்ரவரி 5

குளித்துக்கொண்டே அந்த அரசனோடு பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

நாடகம் முழுதும் வாசித்து முடித்தோம். எழுதியவர் பெயர்கூடத் தெரியாதாம். மறந்துவிடுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

மலைமேல் ஒரு நகரம். சுற்றிலும் எதிரி. அரசன் ஊரைக் கூட்டி வைத்துச் சத்தியம் செய்கிறான்: மாலை முரசு அடித்தபிறகு கோட்டைக் கதவு யாருக்கும் திறக்காது, எனக்கே ஆனாலும். ஒரு காவலாளி தன் தாயை உள்ளே விடத் திறக்கிறான். அரசன் அவனை ஊரைவிட்டே துரத்துகிறான். அந்தக் கண்டிப்பால் நகரம் இரண்டுமுறை பிழைக்கிறது. அப்புறம் உணவு தீர்ந்துபோகிறது. அரசனின் மகன் எதிரிக்குத் தெரியாமல் வெளியே போய்த் தானியம் கொண்டுவருகிறான் — முரசு அடித்தபிறகு. கதவைத் தட்டுகிறான். அரசன் மதில்மேல் நிற்கிறான். புதிதாக வந்த காவலாளி மூன்று தடவை பேசுகிறான். யாரோ தட்டுகிறார்கள் என்கிறான். முரசு அடித்தாயிற்று என்கிறான் அரசன். தெரிந்த குரலாக இருக்கிறதே என்கிறான் காவலாளி. இந்த நேரத்தில் எல்லாக் குரலும் தெரிந்த குரலாகத்தான் இருக்கும் என்கிறான் அரசன் — இந்த இடத்தில் நான் தொடையைத் தட்டினேன், என்ன பதில்! மூன்றாவதாகக் காவலாளி, "மழை பெய்கிறது, அரசே" என்கிறான். "பெய்யட்டும்" என்கிறான் அரசன். காலையில் கதவைத் திறந்தால் மகன் செத்துக் கிடக்கிறான், பக்கத்தில் நனைந்த மூட்டைகள். கடைசிக் காட்சியில் மகனைப் புதைக்க அரசன் தானே வெளியே போய், திரும்பி வருவதற்குள் முரசு அடித்துவிடுகிறது. கதவுக்கு வெளியே நிற்கிறான். தட்டவில்லை. அவ்வளவுதான், திரை.

என்னோடு படிக்கும் பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அரசன் பக்கம்தான் பேசினேன். மகனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்றால் அது சட்டமா? பஸ் கண்டக்டர் ஒருவர் எனக்கு எதிர் பெஞ்சு, எல்லாவற்றுக்கும் எதிர்ப் பேச்சு. "உங்க கடையில ஒரு கல்லை மாத்திக் கேக்கலாம்னு வந்தேன், இப்ப பயமா இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சார் மட்டும், "ஆதாரம் எங்கே? எந்தக் காட்சி, எந்த வரி?" என்றார். நல்ல வியாபாரி ஆகியிருக்க வேண்டியவர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடை விடுமுறை. கட்டுரை எழுதினேன், நாலு பக்கம். சொந்த வாழ்விலிருந்தும் ஒரு எடுத்துக்காட்டு சேர்க்கலாம் என்று சார் சொன்னதால் சின்னவள் விஷயத்தை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்; இதை யாரும் திருத்தப் போவதில்லை.

சின்னவள் என் தங்கை. இந்தக் கடையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். டைல்ஸில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே டிசைன், ஒரே அளவு, ஒரே கம்பெனி. ஆனால் ஒரு சூளைக்கும் அடுத்த சூளைக்கும் நிறம் ஒரு பொட்டு மாறும். பெட்டியில் ஷேடு எண் போட்டிருப்பார்கள். கையில் தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, தரையில் பக்கத்தில் பக்கத்தில் பதித்தால் பல்லை இளிக்கும். அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம்: லோடு வந்ததும் ஒருவர் எல்லாப் பெட்டியின் ஷேடையும் பார்த்து, அடுக்கின் முன்பெட்டியில் சாக்பீஸால் ஒரு டிக் போட வேண்டும். டிக் போட்ட அடுக்கை மறுபடி யாரும் பார்ப்பதில்லை. அப்படியே வண்டியில் ஏற்றலாம். சின்னவள் டிக் என்றால் அவ்வளவு நம்பிக்கை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரின் புது கிளினிக்குக்குச் சரக்கு போனது. சின்னவள் டிக் போட்ட அடுக்கு. பதித்து முடித்து வெயில் விழுந்ததும் பார்த்தால் பாதித் தரை ஒரு நிறம், பாதித் தரை ஒரு நிறம். டாக்டர் கடைக்கே வந்து கத்தினார். டிக் யாருடையது என்று கேட்டேன். என்னுடையதுதான் என்றாள். ஆனா நான் பார்த்தேன்க்கா, எல்லாம் ஒரே ஷேடுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பார்த்தாயா, பாராமல் போட்டாயா? எல்லோர் முன்னாலும் கேட்டேன். இனி இந்தப் படி ஏறாதே என்றும் சொன்னேன்.

ஏறவில்லை. பஸ் போகும் கடைசி நிறுத்தத்தில் சின்னதாகத் தனிக்கடை போட்டாள். நானும் சொல்லை மாற்றவில்லை. கூடப்பிறந்தவளுக்கு ஒன்று, வேலைக்காரனுக்கு ஒன்று என்றால் கடை எப்படி நடக்கும்? அரசன் எனக்குப் புரிகிறான்.

மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரர் சம்பந்தமே இல்லாமல், பெரிய சூட்கேஸெல்லாம் இப்போது யானை விலையாம் என்றார். நாம் எங்கே போகப் போகிறோம் என்றேன். எங்கேயும் இல்லை, சும்மா சொன்னேன் என்றார். ஓய்வு பெற்றவரிடம் பேச்சுக்கு வேறென்ன இருக்கும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கட்டுரை திரும்பி வந்தது. இருபதுக்குப் பதினொன்று. கீழே சிவப்பு மையில்: 'காவலாளியின் முதல் இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாவதை விட்டுவிட்டீர்கள். அவன் ஏன் மழையைப் பற்றிப் பேசுகிறான்?'

நல்ல கேள்வி. ஏன்? அரசனும் அங்கேதான் நிற்கிறான், அவனும்தான் நனைகிறான். மழை பெய்வது அவனுக்குத் தெரியாதா?

பிப்ரவரி 12

மழை. ஏன் மழை?

காலையில் வந்த மேஸ்திரியிடம் கேட்டேன். பூச்சு வேலை நடந்திருக்கும், ஈரமாகிவிடும் என்று சொல்லியிருப்பான் என்றார். குளியலறைக் கல் வாங்க வந்த அம்மாவிடம் கேட்டேன். பயத்தில் உளறியிருப்பான் பாவம் என்றார். வீட்டுக்காரரிடம் கேட்டேன். தட்டில் குனிந்தபடியே, "அவனுக்கு வேற என்ன சொல்ல முடியும்?" என்றார்.

அது என்ன பதில்?

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று இரண்டாவது பொன்மொழி. ஒரு வைத்தியர் சொன்னதாம். தெரியாமல் கெட்டுப்போவதைவிட, தெரிந்தவர்கள் வாய் திறக்காமல் கெட்டுப்போவதுதான் உலகத்தில் அதிகம் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று கை தூக்கினேன். தெரிந்தவன் சொல்ல வேண்டியதுதானே, நாக்கா இல்லை என்றேன்.

அதற்குக் கண்டக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் டிரைவர். மகா கோபக்காரர், யார் குறை சொன்னாலும் அடுத்த நாள் அவர்களை வேறு வண்டிக்கு மாற்ற வைத்துவிடுவார். ஒரு நாள் மத்தியான வெயிலில் அவருக்குக் கண் சொருகுகிறது. இவர் பின்னாலிருந்து கண்ணாடியில் பார்க்கிறார். அறுபது பயணிகள்.

"அண்ணே தூங்குறீங்கன்னு சொல்ல முடியுமா மேடம்? 'அண்ணே, பாட்டைக் கொஞ்சம் சத்தமா வைக்கவா'ன்னு கேட்டேன். மூணு தடவை கேட்டேன். எனக்குப் பாட்டே பிடிக்காது."

யாரும் சிரிக்கவில்லை. வண்டி என்ன ஆனது என்று எங்கள் வகுப்பு நர்ஸ் பெண் கேட்டாள். டிரைவர் முறைத்தாராம், ஆனால் முறைத்ததில் தூக்கம் போய்விட்டதாம். எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. காவலாளி மழையைப் பற்றிப் பேசவே இல்லை. உங்கள் மகன் வெளியே நனைகிறான் என்கிறான். நேராகச் சொன்னவன் கதி என்ன என்று அவனுக்குத் தெரியும். முந்தைய காவலாளியின் வேலையைத்தான் அவன் பார்க்கிறான். அதனால் எது சொன்னால் தண்டிக்க முடியாதோ அதைத் தேடிப் பிடித்துச் சொல்கிறான். மழை பெய்கிறது என்று சொன்னவனை யார் துரத்த முடியும்?

எவ்வளவு கெட்டிக்காரன்! திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினேன்.

பிப்ரவரி 15, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் குடோனில் நின்றிருந்தேன். ரேடியோ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ என்பது எங்கள் லோடுமேன். பேசவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். பதினெட்டு வருஷம், கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறார். எனக்குச் சட்டென்று ஒரு ஞாபகம். அந்த நாள் நான் சின்னவளைக் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் வாசலில் நின்று ஒன்று சொன்னார். "அந்த மூலை காலியா இருக்கும்மா" என்று. நான், மூலையைப் பற்றி இப்போது யார் கேட்டது, போய் வேலையைப் பாருங்கள் என்று கத்தினேன். வாயே திறக்காத மனிதர் அந்த நேரத்தில் ஒரு மூலையைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு எந்த மூலை காலியா இருக்குன்னு சொன்னீங்க?"

ரேடியோ கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இப்ப வாஷ்பேசின் இருக்கிற மூலைம்மா, அன்னைக்கு பேசின் வந்து சேரலை. அதுல பழைய ஷேடு பதினாலு பெட்டி இருந்துச்சு. பேசின் லோடு வருது, இடம் வேணும்னு நீங்கதான் அதைப் புது அடுக்குக்குப் பின்னாடி தள்ளச் சொன்னீங்க. ஒரே டிசைன்தானே, எடுக்கும்போது பாத்துக்கலாம்னீங்க. நீங்களும் ரெண்டு பெட்டி பிடிச்சீங்க."

பிடித்தேன். புடவையில் தூசி ஒட்டி அதைத் தட்டிக்கொண்டு நின்றதுகூட ஞாபகம் வருகிறது. சின்னவள் பார்த்து டிக் போட்ட பிறகு. அவள் டிக்குக்குப் பின்னால். நான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது.

"சின்னம்மாவுக்கே அந்த கதின்னா நான் எம்மாத்திரம்மா" என்றார். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறந்துவிட்டேனா? மறக்க எனக்கு வசதியாக இருந்ததா? எந்தக் கொத்தனார் எந்த வருஷம் எந்தக் கல் எடுத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவள் நான். இது மட்டும் எப்படி மறக்கும்?

பிப்ரவரி 16, ஞாயிறு

விடிந்ததும் வீட்டுக்காரரிடம், அன்றைக்குச் சூட்கேஸ் பற்றி ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். டீ டம்ளரை வைத்துவிட்டார். சின்னவள் குடும்பத்தோடு வெளிநாடு போகிறாளாம். அவள் கணவருக்கு அங்கே வேலை. கடையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். மார்ச் முப்பது விமானம். இவருக்கு ஒரு மாதமாகத் தெரியும்.

"அவ பேரை எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன. அதான் சூட்கேஸ் பேரை எடுத்தேன்" என்றார்.

என் வீட்டிலும் மழை பெய்திருக்கிறது. எத்தனை வருஷமாகப் பெய்கிறதோ.

பிப்ரவரி 17

கடையில் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்தேன். யார் என்ன சொன்னாலும் அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று தேடுகிறேன். பில் போடும் பெண் ஃபேன் சத்தம் போடுகிறது என்றாள். அது என்னவென்று பத்து நிமிஷம் யோசித்தேன். ஃபேன்தான் சத்தம் போடுகிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மூன்றாவது பொன்மொழி. ஒருவரை மேலே ஏற்றிவிடும் குணமே அவரைக் கீழேயும் இறக்கும் என்ற கருத்து. சொன்னது யார் என்று குறித்துக்கொள்ளவில்லை. தட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை.

கடைசிக் காட்சியைப் பற்றி வகுப்பில் பெரிய வாக்குவாதம். திரும்பி வந்த அரசன் ஏன் தட்டவில்லை? தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டான், அதுதான் அவன் பெருமை என்றார் பேக்கரிக்காரர். தண்டனையைத் தானே ஏற்றுக்கொள்கிறான் என்றாள் நர்ஸ் பெண். போன வாரமாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நான் கை தூக்காமலே பேசிவிட்டேன். அவனுக்குத் தட்டக் கூச்சம், அவ்வளவுதான் என்றேன். தட்டினால் காவலாளி யாரது என்று கேட்பான். நான்தான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிட மழையில் நிற்பது அவனுக்குச் சுலபம்.

சார் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். கண்டக்டர்கூட அதைக் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

போய்விட்டு வந்தேன்.

ஒன்றரை மணிக்குப் போனேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி நாலு கடை தள்ளி. அலமாரி பாதி காலி. சின்னவள் தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்து, "வாங்க. என்ன வேணும்?" என்றாள். வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல. இவள் என்னை வாங்க என்று சொன்னதே கிடையாது.

பஸ்ஸில் வரும்போது நன்றாகத் தயார் செய்திருந்தேன். எல்லாம் போய்விட்டது.

"அந்தப் பதினாலு பெட்டியை உன் டிக்குக்குப் பின்னாடி தள்ளினது நான்தான்டி" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். முழுதும் சொன்னேன். மூலை, வாஷ்பேசின், ரேடியோ. அவள் கையிலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மேஸ்திரிங்க எனக்கு என்ன பேர் வச்சிருக்காங்க தெரியுமா? டபுள் செக். ஒவ்வொரு பெட்டியையும் ரெண்டு தடவை பிரிச்சுப் பார்க்காம அனுப்ப மாட்டேன். கண்ணுல ஏதோ கோளாறுன்னு டாக்டர்கிட்டகூடப் போனேன்க்கா. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னார். நான் நம்பலை."

ஏழு வருஷம். நான் அவள்மேல் கோபமாக இருந்தேன். அவளும் தன்மேலேயே கோபமாக இருந்திருக்கிறாள். அவள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். என்னை நம்பியிருக்கிறாள்!

மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னைக்குக் கடையில எத்தனை பேர் இருந்தாங்க?"

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர்.

"இன்னைக்கு இங்க?"

திரும்பிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். ஒரு ஈ காக்கை இல்லை.

"கரெக்டா நேரம் பார்த்துதான் வந்திருக்க" என்றாள். "வியாபாரின்னா நீதான்."

அப்படி நினைத்து வரவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். அப்படித்தான் வந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

ஒன்பது பேர் யார் யார் என்று எழுதி வைத்தேன். ரேடியோ. இரண்டு மேஸ்திரிகள். அப்போது கணக்கு எழுதியவர். சாமான் வாங்க வந்திருந்த பெயிண்டரும் அவர் மனைவியும். டெம்போ டிரைவர். பக்கத்து எலக்ட்ரிக் கடைக்காரர். பல் டாக்டர்.

காலையில் மேஸ்திரிகள் இருவரும் வந்திருந்தார்கள். எலக்ட்ரிக் கடைக்காரரையும் கூப்பிட்டு, கடையில் நின்று சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. மூத்த மேஸ்திரி, விடுங்கம்மா, பழைய கதை என்றார். எனக்குப் பழைய கதை, அவளுக்கு இல்லை என்றேன். எலக்ட்ரிக் கடைக்காரர், அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் என்று ஆரம்பித்தார். எல்லோருக்கும் இப்போதுதான் சந்தேகம் வருகிறது.

ரேடியோ தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 26, புதன்

பல் டாக்டரிடம் போனேன். டோக்கன் வாங்காமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். வாங்கினேன். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொன்னார். பல் இல்லை டாக்டர், தரை என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "அந்தப் பொண்ணை அன்னைக்கு நானும் ரொம்பப் பேசிட்டேன்" என்றார். அவள் கடை எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டார். வந்தது வந்தீர்கள், காட்டுங்கள் என்று பல்லையும் பார்த்தார். கீழ்வரிசையில் ஒன்று ஆடுகிறதாம். எனக்குத் தெரியும், சொல்லாமல் வைத்திருந்தேன்.

மார்ச் 1, சனி

ஒன்பதில் எட்டு முடிந்தது. டெம்போ டிரைவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயிண்டர் மனைவிக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. ஆனாலும் முழுதும் கேட்டார், நடுவில் உச்சுக்கொட்டினார்.

வேடிக்கை, ஒருவர்கூட இதற்காக என்னிடம் வியாபாரத்தை நிறுத்தவில்லை. எதற்காகப் பயந்தேன்?

மார்ச் 4, செவ்வாய்

பரீட்சை. கடைசிக் கேள்வியில் மூன்று பொன்மொழிகள் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். இரண்டு புதிது. மூன்றாவது நம் வைத்தியர் சொன்னது, தெரிந்தும் வாய் திறக்காதவர்களைப் பற்றியது. பழைய வாடிக்கையாளரைப் பார்த்த மாதிரி இருந்தது.

பாதி ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். வாய் திறக்காதவர்கள் என்பது சரியில்லை. காவலாளி வாய் திறந்தான். மழை என்றான். கேட்கிறவருக்குக் காது இருந்தால் மழை என்ற சொல்லே போதும். மகன் செத்த காலையில் அந்த நகரம் விழவில்லை. ஒரு காவலாளி வானிலையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்ட நாளிலேயே விழுந்துவிட்டது. ஐந்தாம் காட்சி, மூன்றாவது பேச்சு. ஆதாரம் காட்டிவிட்டேன்.

அரசனைத் திட்டி எழுத முடியவில்லை. அவன் கண்டிப்பால் நகரம் இரண்டுமுறை பிழைத்ததும் உண்மைதானே. அதையும் எழுதினேன்.

மணி அடித்தபோது இன்னும் ஒரு வரி பாக்கி. அரசன் தட்டியிருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன்.

மார்ச் 10

சின்னவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

நான் போய் நின்றால் அவளை நெருக்குவதாகும். அவள் முறை. காத்திருப்பதும் ஒரு வேலைதான் போல, கை காலெல்லாம் வலிக்கிறது.

மார்ச் 15, சனி

டெம்போ டிரைவர் கிடைத்துவிட்டார். கண்டக்டர்தான் தேடிப் பிடித்தார், டிப்போ டிப்போவாகக் கேட்டு. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறாராம். போனில் சொன்னேன். அவர், "அந்தக்கா அன்னைக்கு அழுதுக்கிட்டே என் வண்டியிலதாம்மா போச்சு" என்றார்.

இது எனக்குத் தெரியாது.

மார்ச் 17, திங்கள்

ஒரு புது மாப்பிள்ளை மூன்று பெட்டி மீந்துவிட்டது என்று கொண்டுவந்தார். ஷேடு பார்த்தேன், சீல் பிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டேன். பில் போடும் பெண் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

சாயங்காலம் ரேடியோவைக் கூப்பிட்டு, கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் 'திரும்ப எடுக்கப்படாது' பலகையைக் கழற்றச் சொன்னேன். நாற்காலிமேல் ஏறிக் கழற்றினார். பலகை இருந்த இடத்தில் சுவர் பழைய பச்சையாக, புதுசு மாதிரி இருக்கிறது, சுற்றிலும் வெளுத்துப்போயிருக்கிறது. அசிங்கமாக இருக்கிறதே, வெள்ளையடித்துவிடவா என்று கண்ணாலேயே கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 22, சனி

கடையில் நல்ல கூட்டம். இரண்டு மேஸ்திரிகளும் இருந்தார்கள், மொசைக் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், ரேடியோ. நான் குனிந்து பில்லில் ஷேடு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் சத்தம் ஒரு நொடி அடங்கியது. நிமிர்ந்தேன்.

சின்னவள் வாசலில், படிக்குக் கீழே நின்றிருந்தாள். கையில் ஒரு பை, தோளில் குடை. விமானத்துக்கு இன்னும் எட்டு நாள்.

மேஸ்திரிகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரேடியோ மட்டும், "வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா" என்றார்.

எனக்குக் கேட்டது. இந்தத் தடவை கேட்டது. எழுந்து வாசலுக்குப் போய், உள்ள வாடி என்றேன்.

படி ஏறினாள். எல்லோரையும் பார்த்தாள். அலமாரியை, தூணை, பேசின் மூலையை. கல்லாவுக்குப் பின்னால் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம்.

"ரெண்டு ஷேடா இருக்கே" என்றாள். "யார் செக் பண்ணது?"

"நான்தான்" என்றேன். மொசைக் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் விரலை மடக்கி, அந்தப் பச்சையின் நடுவில் ஒருமுறை தட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். அப்புறம் குடையை என் நாற்காலியில் மாட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள்.

"டீ சொல்லுக்கா" என்றாள்.